விளக்கெண்ணெய்யும் எரிபொருள் சிக்கன வாரியமும்

பல் கட்டுகிறவரின் கார் பெட்ரோல் குடித்தது. எல்லாக் காரும் குடிக்கத்தான் செய்யும். இது மொடாக் குடி.

அவருக்குப் பல்செட் செய்வது தொழில். பல் போனவர்களுக்குப் பெரும்பாலும் முழங்காலும் போயிருக்கும். கடை தேடி வர மாட்டார்கள். அதனால் இவரே வீடு தேடிப் போய், மெழுகைக் கடிக்கச் சொல்லி அளவெடுத்து, பட்டறைக்கு வந்து அச்சு வார்த்து, மறுபடி போய்ப் பொருத்திப் பார்த்து, "இங்க குத்துது" என்ற இடத்தைத் திரும்பக் கொண்டுவந்து ராவி, மறுபடியும் போக வேண்டும். ஒரு வாய் சரியாக மூடுவதற்குள் கார் ஊரை நாலு சுற்றுச் சுற்றிவிடும்.

கார் லிட்டருக்கு எட்டு கிலோமீட்டர் கொடுத்தது. மெக்கானிக் பானெட்டைத் திறந்து பார்த்துவிட்டு, துக்க வீட்டில் பேசுகிற குரலில், "சார், இது நோய் இல்ல, சுபாவம்" என்று மூடிவிட்டார்.

அவர் மனைவி தபால் அலுவலகத்தில் முத்திரை குத்துகிறவள். எதையும் ஒரே குத்தில் முடிக்கிற பழக்கம் வீட்டிலும் இருந்தது.

"இந்த வண்டிக்கு நான் மூணு வேளை சமைச்சுப் போட்டிருந்தாக்கூட இவ்வளவு தின்னிருக்காது" என்றாள்.

இந்தப் பேச்சு அவளுடைய தம்பியின் காதில் விழுந்தது. அவனைக் குடும்பத்தில் 'டிப்ஸ்' என்றுதான் கூப்பிடுவார்கள். கைபேசியில் உலகத்தார் சொல்லும் யோசனைகளையெல்லாம் பார்த்து, அவற்றை அக்காள் வீட்டில் செய்து பார்ப்பவன். முன்பு ஒருமுறை முடி வளர்வதற்காக அவன் காய்ச்சிக் கொடுத்த தைலத்தில் பல் கட்டுகிறவரின் உச்சந்தலை வெட்டவெளியானது. மீதித் தைலத்தை மனைவி எரிச்சலோடு கழிவுநீர்க் குழாயில் கொட்ட, வெகுநாளாக இருந்த அடைப்பு உடனே விட்டது. அதைத் தன் வெற்றிகளில் ஒன்றாக டிப்ஸ் இன்றும் சொல்லிக்கொள்கிறான்.

"மாமா, இதுக்கெல்லாம் மருந்து இருக்கு" என்றான். "பாச்சை உருண்டை, விளக்கெண்ணெய், நெயில் பாலிஷ் ரிமூவர். மூணையும் கலந்து டேங்க்ல ஊத்தினா மைலேஜ் சும்மா பிச்சுக்கும்."

"டேங்க் பிச்சுக்காதா மச்சான்?"

"ஒரு ஆள் ஊத்தி, வீடியோ போட்டிருக்காரு மாமா."

"அந்த ஆள் அதுக்கப்புறம் வேற வீடியோ போட்டிருக்காரா?"

டிப்ஸ் கொஞ்சம் யோசித்தான். "அதைப் பார்க்கல" என்றான்.

இருந்தாலும் ஊற்றினார்கள். சலித்துப்போன மனிதன் எதையும் ஊற்றுவான். மனைவி முன்சீட்டில் உட்கார மறுத்துவிட்டாள்.

"நீங்க போங்க. நான் பஸ்ல வர்றேன். ரெண்டு பேரும் ஒண்ணாப் போயிட்டா வீடு என் தம்பி கைக்குப் போயிடும்."

பல் கட்டுகிறவர் கண்ணை மூடிக்கொண்டு சாவியைத் திருப்பினார். வெடிக்கவில்லை. பின்னாலிருந்து ஒரு புகை வந்தது. தெரு முழுக்கப் பழைய பீரோவைத் திறந்த வாசனை. அந்தப் பக்கம் பறந்துகொண்டிருந்த பூச்சிகள் வேறு தெருவுக்குப் போயின.

வண்டியை அவர் எடுத்துக்கொண்டு போனதை ஓட்டினார் என்று சொல்ல முடியாது. வேகமாகப் போனால் குலுங்கும், குலுங்கினால் உரசும், உரசினால் பற்றும் என்று அவருக்குள் ஒரு தனி விஞ்ஞானம் ஓடியது. ஆக்சிலரேட்டர் மேல் இருந்த கால், தூங்குகிற கைக்குழந்தையின் மேல் வைத்த கை மாதிரி இருந்தது. சைக்கிள்காரர்கள் முந்தினார்கள். ஒரு நாய் முந்தியது. திரும்பிப் பார்த்து, இவருக்காகக் கொஞ்சம் நின்றுவிட்டு, பொறுமையிழந்து போய்விட்டது.

ஒரு டேங்க் தீர்ந்தபோது கணக்குப் பார்த்தார். லிட்டருக்குப் பதின்மூன்று.

டிப்ஸ் துள்ளிக் குதித்தான். மனைவி குதிக்கவில்லை.

"நீங்க ஓட்டுற ஓட்டுக்கு உள்ள வெறும் விளக்கெண்ணெய் ஊத்தினாலும் பதின்மூணு குடுக்கும்" என்றாள். "மருந்தும் இல்ல, மண்ணும் இல்ல. உயிர் பயம்."

பல் கட்டுகிறவருக்கு அது சரி என்று பட்டது. இனி மருந்தை விட்டுவிட்டு மெதுவாக மட்டும் ஓட்டுவது என்று தீர்மானித்தார். விஷயம் அதோடு முடிந்திருக்க வேண்டும். ஆனால் டிப்ஸ் அதற்குள் எரிபொருள் சிக்கன வாரியத்துக்கு எழுதிப் போட்டுவிட்டான், மாமாவின் பெயரில்.

*

வாரியத்திலிருந்து இரண்டு அதிகாரிகள் மூன்று கார்களில் வந்தார்கள். முதல் காரில் துணை இயக்குநர். இரண்டாவதில் உதவி இயக்குநர். மூன்றாவதன் பின்சீட்டில் கோப்பு மட்டும் தனியாக வந்தது, பெல்ட் போட்டுக்கொண்டு. மூன்று கார்களையும் அணைக்காமல் வாசலில் நிறுத்திவிட்டு உள்ளே வந்தார்கள்.

"எல்லாரும் ஒரே ஆபீஸ்தானே?" என்று மனைவி கேட்டாள்.

"ஆமாம்மா."

"அப்ப ஒரே கார்ல வந்திருக்கலாமே."

துணை இயக்குநர் குழந்தையைப் பார்ப்பதுபோல் அவளைப் பார்த்துச் சிரித்தார். "சிக்கனமா இருக்க வேண்டியது பொதுமக்கள்மா. நாங்க சிக்கனத்தைப் பரப்புறவங்க. பரப்பணும்னா வண்டி வேணுமில்ல?"

பிறகு பல் கட்டுகிறவரின் கையைப் பிடித்துக் குலுக்கினார். விடவே இல்லை.

"பொதுமக்கள் யோசனைப் பிரிவுன்னு ஒண்ணு எங்ககிட்ட இருக்கு சார். தனிக் கட்டடம். உங்களுக்கு முன்னாடி ஒரே ஒரு யோசனைதான் வந்திருக்கு. யோசனைப் பெட்டி வெயில்ல இருக்கு, நிழல்ல வைங்கன்னு. அதுக்கு ஒரு குழு போட்டிருக்கோம். அவங்க நிழலை ஆய்வு பண்ணிட்டிருக்காங்க. இந்த நேரத்துல கடவுள் மாதிரி நீங்க வந்தீங்க. விழா வேற நெருங்குது. அமைச்சர் வர்றாரு."

"சார், அது மருந்து இல்ல சார். நான் மெதுவா..."

"அடக்கம்" என்றார் துணை இயக்குநர். உதவி இயக்குநர் அதைக் குறித்துக்கொண்டார்.

கொஞ்ச நேரத்தில் ஒரு லாரி வந்தது. நாலு பேர் இறங்கி, பல் கட்டுகிறவரின் காரைச் சங்கிலி போட்டு லாரிமேல் ஏற்றினார்கள்.

"என்ன சார் இது! ஓட்டிக்கிட்டே போகலாமே. வண்டி நல்லாத்தானே ஓடுது?"

"இனிமே அது வண்டி இல்ல சார். மாதிரி. மாதிரியை ஓட்டக் கூடாது."

"எப்ப திரும்ப வரும்?"

"ஆய்வு முடிஞ்சதும்."

"ஆய்வு எப்ப முடியும்?"

துணை இயக்குநர் நெகிழ்ந்துபோனார். "நல்ல கேள்வி. அதையும் சேர்த்து ஆய்வு பண்ணிடறோம்" என்றார்.

*

கார் இல்லாத பல் கட்டுகிறவர் பஸ்ஸில் போக ஆரம்பித்தார். அவருடைய பையில் அச்சுகளும் மெழுகும் ராவுகிற கருவிகளும் அன்றன்றைக்குப் பொருத்த வேண்டிய பற்களும் இருக்கும். ஒருநாள் நெரிசலில் பையின் வாய் திறந்து, ஒரு மேல்வரிசைப் பல்செட் சீட்டுகளுக்கு நடுவே விழுந்து உருண்டது. கண்டக்டர் அதை எடுத்துத் தூக்கிப் பிடித்து, "இது யாரோடது?" என்று கத்தினார். பஸ்ஸில் இருந்த எல்லாரும் ஒருமுறை தங்கள் வாயைத் தடவிப் பார்த்துக்கொண்டார்கள். அதற்குள் பஸ் ஒரு குலுக்குக் குலுக்க, பல்வரிசை கண்டக்டர் கையிலிருந்து நழுவி, அவர் காலடியிலேயே நொறுங்கியது.

அது ஓய்வு பெற்ற பாட்டு டீச்சரின் வரிசை. டீச்சருக்குப் பழைய செட் உடைந்து வெகுநாளாகிவிட்டது. அன்று சாயங்காலமே அவரிடமிருந்து போன் வந்தது.

"தம்பி, ரொட்டியைப் பால்ல ஊறவெச்சு ஊறவெச்சு எனக்கு ரொட்டி மேலயும் வெறுப்பு வந்திடுச்சு, பால் மேலயும் வெறுப்பு வந்திடுச்சு. அடுத்து உன் மேலதான் வரணும்."

"புதுசா செஞ்சுடறேன் டீச்சர்."

"செய்வே. எதுல கொண்டு வருவே? உன்னைப் பார்க்க வந்தா பட்டறை மாடிப்படி ஏற முடியல, நீ பார்க்க வந்தா பஸ்ல மிதிக்கிறாங்க. சந்தியில புதுசா ஒரு ஆஸ்பத்திரி இருக்காம். லிஃப்ட் இருக்காம். என் தங்கச்சி அங்கதான் போறா. அவ இப்ப முறுக்கு மாதிரி எதைக் குடுத்தாலும் கடிக்கிறா."

தங்கை மட்டுமல்ல. ஒருவர் பின் ஒருவராக வாடிக்கையாளர்கள் லிஃப்டுக்குப் போய்க்கொண்டிருந்தார்கள். இத்தனை வருஷம் ஊரார் வாயை மூடிக் கொடுத்தவர், இப்போது தானே வாய் திறந்து கேட்டால்தான் பிழைக்க முடியும் என்று புரிந்துகொண்டு வாரியத்துக்குக் கிளம்பினார்.

வாரியத்தின் வாசலில் காவலாளி தடுத்தார்.

"உங்க வண்டி எங்க?"

"உள்ள இருக்குங்க. அதைக் கேட்கத்தான் வந்திருக்கேன்."

"வண்டி இல்லாம உள்ள விட முடியாது சார். அனுமதிச் சீட்டு வண்டி நம்பருக்குத்தான். நடந்து வர்றவங்களுக்கு இங்க வழியே வைக்கல."

காவலாளி இரக்க மனசுக்காரர். எதிர்ச்சாரிக் கடைக்குப் போய்ச் செய்தித்தாள் வாங்கிக்கொண்டு திரும்பிய ஓர் அதிகாரியின் காரை நிறுத்தி, இவரை அதில் ஏற்றிவிட்டார். வாசலிலிருந்து கட்டடம்வரை உள்ள தூரத்தை, வீட்டில் மனைவி கொடுக்கிற ஒரு குரல் கடந்துவிடும்.

வளாகத்தில் வரிசையாகக் கார்கள் நின்றன. ஒவ்வொன்றும் உறுமிக்கொண்டிருந்தது. உள்ளே டிரைவர்கள் சீட்டைச் சாய்த்துக் கண் மூடியிருந்தார்கள். தலைக்கு மேலே பெரிய பலகை: 'ஒரு துளியும் உயிர்த்துளி.'

"ஏன் அணைக்காம வெச்சிருக்கீங்க?" என்று கேட்டார்.

"ஏசி ஓடணும் சார். ஐயா ஏறும்போது சில்லுன்னு இருக்கணும்."

"ஐயா எப்ப ஏறுவாரு?"

"சாயங்காலம்" என்று சொல்லிவிட்டு டிரைவர் மறுபடி கண்ணை மூடிக்கொண்டார்.

துணை இயக்குநரின் அறையில் குளிர் எலும்பைத் தொட்டது. அவர் கோட்டுப் போட்டு, காலடியில் ஒரு ஹீட்டரும் வைத்திருந்தார்.

"வாங்க வாங்க! நல்ல செய்தி. உங்க கலவையை எங்க கார்கள்ல ஊத்திப் பார்த்தாச்சு. எல்லாத்துலயும் மைலேஜ் குறைஞ்சிருக்கு."

பல் கட்டுகிறவருக்கு உயிர் வந்தது. "அப்ப விட்டுடலாமே சார். என் வண்டியைக் குடுத்துடுங்க."

"எப்படி விடறது? குறைஞ்சிருக்குன்னா என்ன அர்த்தம்? கலவை வேலை செய்யுதுன்னு அர்த்தம். திசைதான் கொஞ்சம் தப்பு. அதைப் போகப் போகச் சரி பண்ணிக்கலாம்."

"சார், கும்பிட்டுக் கேட்டுக்கிறேன். அதுல ஒண்ணுமே இல்ல. வெடிச்சிடுமோன்னு பயந்துக்கிட்டு மெதுவா ஓட்டினேன். அதனாலதான் மைலேஜ் வந்திச்சு. பயம், சார். வெறும் பயம்."

ஓரத்தில் இருந்த உதவி இயக்குநர் பேனாவைத் திறந்தார்.

"பயம்... எவ்வளவு போட்டீங்க?"

"எவ்வளவுன்னா?"

"அளவு சார். ஒரு லிட்டருக்கு."

பல் கட்டுகிறவர் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தார். விளையாடுகிற முகமாக எதுவும் தெரியவில்லை. தலைவரைப் பார்க்க வேண்டும் என்று ஒற்றைக்காலில் நின்றார். கடைசியில் விட்டார்கள்.

தலைவர் பெரிய மனிதர். பேசும்போது அவருடைய மேல்வரிசைப் பற்கள் அவருக்குச் சற்றுப் பின்னால் பேசின. 'சிக்கனம்' என்று சொன்னால் ஒரு விசில் வந்தது. பல் கட்டுகிறவரின் கண் அவரை அறியாமலே அந்த வாயில் போய் உட்கார்ந்துகொண்டது. தகடு தளர்ந்திருக்கிறது, நடுவில் மயிரிழை விரிசல் வேறு.

"எல்லாம் கேள்விப்பட்டேன் தம்பி" என்றார் தலைவர். "கலவை வேலை செய்யாதுன்னு சொல்றே. சரி. நான் ஒண்ணு கேட்கிறேன். இந்த வாரியத்துல நானூறு பேர் வேலை பார்க்கிறாங்க. நாளைக்கே ஊர்ல யாரும் எண்ணெயை வீணாக்கலன்னு வெச்சுக்கோ. இந்த நானூறு பேர் எங்க போவாங்க? வேலை செய்யற மருந்தைக் கொண்டுவந்து ஊத்திட்டா எங்க கதி என்ன? அதனாலதான் உன் கலவை எங்களுக்குப் பிடிச்சிருக்கு. சிக்கனம் நடந்துக்கிட்டே இருக்கணும். நடந்து முடிஞ்சிடக் கூடாது."

"என் வண்டி, சார்?"

"விழா மேடையில அமைச்சர் கையால சாவியைக் குடுக்கிறோம். ஒரு பதக்கமும் உண்டு. வீட்டம்மாவையும் கூட்டிட்டு வா. முன்வரிசையில நாற்காலி போடச் சொல்றேன்."

வீட்டுக்கு வந்து சொன்னபோது மனைவி, "என் தம்பி மட்டும்தான் இப்படின்னு இத்தனை நாள் நினைச்சுக்கிட்டிருந்தேன்" என்றாள்.

*

விழாவன்று வளாகம் முழுக்கத் தோரணம். கலவைக்கு 'துளியமுது' என்று பெயர் வைத்திருந்தார்கள். காலையிலேயே வாரியத்தின் எல்லாக் கார்களிலும் ஊற்றிவிட்டார்கள். அமைச்சரின் காரிலும் அவர் இறங்கிய கையோடு ஊற்றினார்கள். வளாகமே பழைய பீரோவாக மணந்தது. பல் கட்டுகிறவரின் கார் மேடைக்குப் பக்கத்தில் ரிப்பன் கட்டி நின்றது. முன்வரிசையில் மனைவியும் டிப்ஸும் உட்கார்ந்திருந்தார்கள். டிப்ஸ் புதுச்சட்டை போட்டிருந்தான். பல் கட்டுகிறவர் தொழில் பையோடு வந்திருந்தார். பாட்டு டீச்சருக்குப் புதிதாகச் செய்த செட் அதில் தயாராக இருந்தது. காரை வாங்கிய மறுநிமிஷம் டீச்சர் வீட்டுக்குப் போவதாகத் திட்டம்.

விழா தொடங்கப் போகிற நேரம். மேடைக்குப் பின்னால் துணை இயக்குநர் தலைதெறிக்க ஓடிவந்தார்.

"சார், நீங்க பல் வேலைதானே செய்றீங்க? ஓடி வாங்க!"

தலைவர் ஒரு பிஸ்கட்டைக் கடித்திருக்கிறார். பிஸ்கட் ஜெயித்துவிட்டது. மேல்வரிசை இரண்டாகப் பிளந்து அவருடைய உள்ளங்கையில் கிடந்தது. கம்பீரமான முகம் நடுவில் காற்று இறங்கினாற்போல் குழிந்திருந்தது.

"ஒட்டுங்க சார், சீக்கிரம்! தலைவர் பேச்சு ஒரு கட்டு இருக்கு" என்று துணை இயக்குநர் கையைப் பிசைந்தார்.

பல் கட்டுகிறவர் இரண்டு துண்டுகளையும் வாங்கிக்கொண்டார். வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தார். வாழ்க்கையில் முதல்முறையாக அவருக்கு ஒரு துணிச்சல் வந்தது.

"சாவி" என்றார்.

"அமைச்சர்தான் குடுக்கணும். நிகழ்ச்சி நிரல்ல..."

"சரி. அப்ப பல்லையும் அமைச்சரே குடுக்கட்டும்."

தலைவர் ஏதோ சொன்னார். பல் இல்லாததால் அது வெறும் காற்றாக வந்தது. ஆனால் அவர் கை காட்டிய விதத்தில் பொருள் விளங்கியது. சாவியை விடுவிக்கத் தலைவரின் கையெழுத்து வேண்டும் என்றார்கள். கையெழுத்துப் போடப் பல் தேவையில்லை. சாவி வந்தது. பல் கட்டுகிறவர் அதைச் சட்டைப் பையில் போட்டுத் தட்டிப் பார்த்துக்கொண்டு, பையைத் திறந்து, பொடியும் திரவமும் குழைத்து ஒட்டு போட்டு, ராவி, வாயில் மாட்டிவிட்டார்.

"இன்னும் நல்லா இறுகல சார். விழா முடியிற வரைக்கும் மேல்பல்லுல காத்து சீறக் கூடாது. முக்கியமா 'ச' சொல்லாதீங்க. சொன்னா தெறிச்சிடும்."

தலைவர் மேடையேறினார். சிக்கன வாரியத்தின் தலைவர், கையில் சிக்கனத்தைப் பற்றிய ஒரு கட்டுக் காகிதம். முதல் பக்கத்தைப் பார்த்தார், மூடி வைத்தார். மைக்கைப் பிடித்தார்.

"நம் வாரியம் எதற்காகப் பிறந்ததோ, அதை நாம் ஒருநாளும் மறந்ததில்லை. அதற்காகப் பேரணி நடத்தினோம். அதற்காகப் பெரிய பெரிய விளம்பரம் வைத்தோம். அது எப்படி இருக்கும் என்று பார்க்கக் குடும்பத்தோடு வெளிநாடு போய் வந்தோம். அதை மட்டும்..." இங்கே வாயில் ஒரு வார்த்தை வர, விழுங்கிக்கொண்டார். "அதை மட்டும் இன்னும் நாம் தொடவில்லை. தொடவும் மாட்டோம். கண்ணின் மணி போலக் காப்பாற்றி, அடுத்த தலைமுறைக்கு அப்படியே கொடுப்போம்!"

கைதட்டல் அடங்க வெகுநேரம் ஆயிற்று. சிக்கனம் என்ற சொல் ஒருமுறைகூட வரவில்லை என்பதை யாரும் கவனிக்கவில்லை. அமைச்சர் பக்கத்தில் இருந்தவரிடம், "இந்த வருஷம்தான் விஷயத்தோட பேசியிருக்காரு" என்றார்.

அடுத்து, கண்டுபிடிப்பாளர் இரண்டு வார்த்தை பேச வேண்டும் என்று அறிவித்தார்கள்.

பல் கட்டுகிறவர் மைக் முன்னால் நின்றார். சாவி பையில் இருந்தது. முன்வரிசையில் மனைவி அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். பொய் சொல்லிப் பதக்கம் வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போனால் அந்த முகத்தைத்தான் தினமும் காலையில் பார்க்க வேண்டும்.

"எல்லாருக்கும் வணக்கம். எனக்குப் பேச வராது. உள்ளதைச் சொல்லிடறேன். இந்தத் துளியமுதுல ஒண்ணும் கிடையாது. பாச்சை உருண்டை, விளக்கெண்ணெய், நகப்பூச்சு அழிக்கிற தண்ணி. இதை டேங்க்ல ஊத்தினதுலேர்ந்து, எந்த நிமிஷம் வெடிச்சிடுமோ, எந்த நிமிஷம் வெடிச்சிடுமோன்னு..."

மெதுவாக ஓட்டினேன் என்று சொல்வதற்குள் காரியம் கெட்டது. ஒலிபெருக்கிகள் வளாகத்தின் மூலை முடுக்கெல்லாம் கட்டியிருந்தார்கள். வரிசையாக உறுமிக்கொண்டிருந்த கார்களுக்குள் தூங்கிய டிரைவர்களின் காதில் 'டேங்க்', 'வெடிச்சிடுமோ' இரண்டும் தெளிவாக விழுந்தன. முதல் டிரைவர் சாவியைப் பிடுங்கி எறிந்துவிட்டுக் குதித்தார். மற்றவர்களும் குதித்தார்கள். ஒருவர் வேலியையே தாண்டினார். ஒவ்வொன்றாக எல்லா எஞ்சின்களும் நின்றன.

வாரியம் தொடங்கிய நாளிலிருந்து அந்த வளாகத்தில் அப்படியொரு அமைதி இருந்ததில்லை. எங்கிருந்தோ ஒரு குருவி கத்தியது. அதிகாரிகள் அது என்ன சத்தம் என்று ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

யாரும் எந்தக் காரிலும் ஏறத் துணியவில்லை. அமைச்சரின் டிரைவர் கண்ணுக்கெட்டிய தூரத்தில் இல்லை. பத்திரிகைக்காரர்கள் கேமராவோடு நெருங்கினார்கள். அமைச்சர் ஒரு நொடிதான் யோசித்தார். பிறகு ஓட்டு வேட்டையில் தேர்ந்தவராகக் கையை உயர்த்தி, "இன்று நான் நடந்தே போகிறேன்!" என்றார். "துளியமுதின் நோக்கம் இதுதான். காரில் ஏற விடாமல் செய்கிற முதல் எரிபொருள் இது!"

மறுபடி கைதட்டல். அமைச்சர் நடந்தார். அவருக்குப் பின்னால் தலைவர், அவருக்குப் பின்னால் துணை இயக்குநர், பிறகு உதவி இயக்குநர், பிறகு பதவி வரிசைப்படி வாரியம் முழுவதும் சாலையில் இறங்கி நடந்தது.

பல் கட்டுகிறவர் இந்தச் சந்தடியில் ரிப்பனை அவிழ்த்துவிட்டுக் காரில் ஏறினார். டேங்கின் அடியில் மிச்சமிருந்த கலவையைப் பரிசோதனைக்காக என்றைக்கோ உறிஞ்சி எடுத்துவிட்டு, லாரியில் ஏற்றி இறக்க வசதியாகக் கொஞ்சம் வெறும் பெட்ரோல் மட்டும் விட்டிருந்தார்கள். மனைவி முன்சீட்டில் ஏறினாள். டிப்ஸ் பின்னால்.

"நேரா டீச்சர் வீட்டுக்கு விடுங்க" என்றாள் மனைவி.

நேராக விட முடியவில்லை. சாலையை அடைத்துக்கொண்டு வாரியம் நடந்துகொண்டிருந்தது. ஒரு போலீஸ்காரர் ஓடிவந்து ஜன்னலைத் தட்டினார்.

"அமைச்சரை முந்தக் கூடாது சார்."

"அவர் நடந்துதானே போறாரு?"

"நடந்தாலும் அமைச்சர்தான். பின்னாலயே வாங்க."

முதல் கியரில் ஊர்ந்தார்கள். எஞ்சின் சூடேறி முனகியது. பெட்ரோல் முள் கண்ணெதிரே சரிந்தது. லிட்டருக்கு மூன்றுகூடத் தேறாது. ஒரு மேட்டில் வண்டி இரண்டு முறை இருமிவிட்டு நின்றேபோனது.

பல் கட்டுகிறவர் இறங்கினார். டிப்ஸையும் இறக்கினார். மனைவி ஸ்டியரிங் பக்கம் நகர்ந்துகொண்டாள். இருவரும் பின்னால் போய்த் தள்ளினார்கள். மேடு. வண்டி அசையவில்லை.

பத்திரிகைக்காரர்கள் இதைப் படமெடுப்பதை அமைச்சர் பார்த்துவிட்டார். மூன்று எட்டில் திரும்பி வந்து ஒரு கையைக் காரின் மேல் வைத்தார். அமைச்சர் கை வைத்த இடத்தில் தலைவர் கை வைக்காமல் இருக்க முடியுமா? தலைவர் வைத்தால் துணை இயக்குநர்? கொஞ்ச நேரத்தில் எரிபொருள் சிக்கன வாரியம் முழுவதும் அந்தக் காரைத் தள்ளிக்கொண்டிருந்தது. இடம் கிடைக்காதவர்கள், தள்ளுகிறவர்களின் முதுகைத் தள்ளினார்கள்.

தலைவர் மூச்சிரைக்கப் பல் கட்டுகிறவரின் காதருகே குனிந்தார்.

"தம்பி, இப்ப அந்த எழுத்து வரலாமா?"

"இன்னும் கொஞ்ச நேரம் பொறுங்க சார்."

"பரவாயில்ல. அது இல்லாமலே உரை நல்லா வருது" என்று தலைவர் மறுபடி தள்ளினார்.

மேடு முடிந்தது. அந்தப் பக்கம் நீண்ட சரிவு. கார் தானாக உருள ஆரம்பித்தது. கைகள் ஒவ்வொன்றாகக் காற்றில் நின்றன. மனைவி ஜன்னல் வழியே தலையை நீட்டினாள்.

"என்னங்க! என்ன பார்த்துக்கிட்டு நிக்கிறீங்க? ஓடி வந்து ஏறுங்க!"

பல் கட்டுகிறவர் ஓடினார். பள்ளிக்கூடத்தை விட்ட பிறகு அப்படி ஓடியதில்லை. கதவைப் பிடித்து உள்ளே விழுந்தார். பையிலிருந்த டீச்சரின் பற்கள் கலகலவென்று சிரித்தன.

"அக்கா! நிறுத்து! நான் இன்னும் ஏறல! அக்கா!" என்று டிப்ஸ் பின்னால் கத்திக்கொண்டு ஓடிவந்தான்.

அக்காள் பிரேக்கைத் தொடவில்லை. அமைச்சர் கையசைத்தார். போலீஸ்காரர் முந்தக் கூடாது என்று விசில் ஊதுவதற்குள் கார் அவரையும் தாண்டிவிட்டது. எஞ்சின் சத்தமில்லை, புகையில்லை, வாசனையில்லை. ஜன்னல் வழியே காற்று வந்தது. இருவருக்கும் சிரிப்பு வந்தது. யார் முதலில் சிரித்தார்கள் என்று தெரியவில்லை.

சரிவின் அடியில் ஒரு பெட்ரோல் பங்க் இருந்தது. கார் மெல்ல வேகம் குறைந்து, அவள் திருப்பிய திசைக்குத் திரும்பி, குழாய்க்கு நேராக வந்து தானே நின்றது. பங்க்காரர் டேங்க் மூடியைத் திறந்துவிட்டுக் குனிந்து கேட்டார்:

"சிக்கன வாரியத்துலேர்ந்து புதுசா ஏதோ மருந்து வந்திருக்காம். துளியமுதுன்னு பேராம். எல்லா பங்க்லயும் விக்கணும்னு காலையிலதான் உத்தரவு வந்துச்சு. கொஞ்சம் சேர்த்து ஊத்தட்டுமா?"

மனைவி கைப்பையைத் திறந்து, அலுவலகத்தில் முத்திரை குத்துவதுபோல் ஒரே குத்தில் சொன்னாள்:

"பெட்ரோல் மட்டும் போடுங்க."